துறப்பது ஒரு நாள், அடங்குவது ஆயுள் முழுதும்



இன்றைய அரங்கின் தலைப்பு மன அமைதி. ஆசையை விடு, அமைதி வரும் என்று சொல்லாத பெரியவர் நம்மிடையே இல்லை. கோவில் சொற்பொழிவில் அதைக் கேட்கிறோம். கல்யாண மண்டபத்து வாழ்த்துரையில் கேட்கிறோம். இழவு வீட்டிலும் கேட்கிறோம். கேட்கும்போது உள்ளம் உருகுகிறது. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே பழைய கவலை வந்து தோளில் உட்கார்ந்து கொள்கிறது.

அதோடு ஒரு நியாயமான கேள்வியும் எழுகிறது. "ஆசையை விட்டுவிட்டால் வீட்டுத் தவணையை யார் கட்டுவது? பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது எப்படி? துறவிக்குச் சரி, குடும்பக்காரனுக்கு இது ஒத்து வருமா?" என்று மக்கள் கேட்கிறார்கள். கேட்பவர்கள் தவறானவர்கள் அல்லர். பதில் சொல்ல வேண்டியவர்கள்தாம் பல நேரங்களில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை காண, ஆசையை உண்மையிலேயே விட்ட ஒருவரின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியின் வாழ்க்கை அது. தத்துவத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய கணக்கு வழக்கை மட்டும் பார்ப்போம். அவர் எதை எடுத்தார், எதை விட்டார், எதை மறுத்தார் என்று பார்த்தாலே போதும்.

ஐந்தில் மூன்று

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். 1892-இல் தந்தையை இழந்தார். மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்து, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1896-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், திடீரென்று மரண பயம் அவரைப் பற்றிக்கொண்டது. ஓடி ஒளியாமல், இறப்பது யார் என்று உள்ளுக்குள் பார்த்தார் அந்தப் பிள்ளை. அன்றிலிருந்து பாடம் ஏறவில்லை. விளையாட்டு ருசிக்கவில்லை.

ஆகஸ்டு 29-ஆம் நாள், தண்டனையாகக் கொடுக்கப்பட்ட இலக்கணப் பாடத்தை எழுதிக் கொண்டிருந்தவர், பாதியில் புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி அமர்ந்தார். பார்த்துக் கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்குக் கோபம். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று கடிந்து கொண்டார். அண்ணன் கோபத்தில் சொன்னதைத் தம்பி நியாயமாகவே எடுத்துக் கொண்டார். உண்மைதானே, எதற்கு?

பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்ட தம்பியிடம், வழியில் தம் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் கூறினார். பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் கைக்கு வந்தது. ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் போக மூன்று ரூபாய் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டார் வேங்கடராமன். மூன்றை எடுத்துக் கொண்டார். இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அந்தச் சீட்டில் எழுதவும் மறக்கவில்லை.

நேயர்களே, உலகத்தையே விட்டுப் போகிறவர் அண்ணனின் கட்டணத்துக்குக் கணக்கு எழுதி வைத்துப் போகிறார். ஐந்தையும் எடுத்திருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? "வழியில் தேவைப்பட்டால்?" என்ற பயம் எழுந்திருந்தால் ஐந்தும் போயிருக்கும். தேவைக்கும் ஆசைக்கும் நடுவே உள்ள கோடு, அந்த மூன்றாவது ரூபாய்க்கும் நான்காவது ரூபாய்க்கும் இடையில் ஓடுகிறது.

அந்தச் சீட்டில் இன்னொரு வியப்பும் உண்டு. அது "நான்" என்று தொடங்குகிறது. அடுத்த வரிகளில் "நான்" மறைந்து "இது" என்றாகிவிடுகிறது. இது நல்ல காரியத்தில்தான் இறங்கியிருக்கிறது, இதைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்ற பொருளில் எழுத்து போகிறது. கடைசியில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பெயரே இல்லை. வெறும் கோடுகள்தாம் இருக்கின்றன. அந்தச் சில வரிகளை எழுதி முடிப்பதற்குள் எழுதியவர் மறைந்து போனார்.

வழியில் கணக்குத் தவறியது. கையில் இருந்த காசு போதவில்லை. நடந்தார், பசித்தார். கீழூரில் ஒரு வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். கடுக்கனின் மதிப்பு அதைப்போல் பல மடங்கு. பிறகு மீட்டுக் கொள்ளலாம் என்று முகவரிச் சீட்டு கொடுத்தார் வீட்டுக்காரர். அந்த வீட்டைவிட்டு வந்தபின் அதைக் கிழித்தெறிந்தார் பிள்ளை. செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். தலையை மழித்துக் கொண்டார். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக் கொண்டார். மிஞ்சியிருந்த காசை ஐயங்குளத்தில் வீசினார்.

இதோடு கதை முடிந்திருந்தால், "ஆகா, எப்பேர்ப்பட்ட துறவு!" என்று கும்பிட்டுவிட்டு நாம் நம் வீட்டுக்குப் போகலாம். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மிச்சம் 54 ஆண்டுகள் இருந்தன.

விட்டது திரும்பி வரும் வழி

திருக்குறளின் அதிகார வரிசையைப் பரிமேலழகர் உரைவழியே நாம் படித்து வருகிறோம். அதில் துறவு என்பது 35-ஆம் அதிகாரம். அவாவறுத்தல், அதாவது ஆசையை அறுத்தல், 37-ஆம் அதிகாரம். கவனியுங்கள். துறவு முன்னால் இருக்கிறது, ஆசையை அறுப்பது பின்னால் வருகிறது. வீட்டை விட்டவனுக்கும் ஆசை மிச்சம் இருக்கும், அதை அறுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் என்பதுபோல் அந்த வரிசை அமைந்திருக்கிறது.

விட்ட ஆசை எப்படித் திரும்பி வருகிறது? வாசல் வழியாக வராது. வாசலில் நாம் காவல் இருக்கிறோம். அது மரியாதை என்னும் மாலையைப் போட்டுக் கொண்டு, பின்பக்கமாக வருகிறது. பணத்தை விட்டவனுக்குப் புகழ் வருகிறது. புகழைத் தேடாதவனுக்குத் "தேடாதவர்" என்ற பெயர் வருகிறது. எளிமையாக இருப்பவனைப் பார்த்து நாலு பேர் "எவ்வளவு எளிமை!" என்று வியக்கும்போது, அந்த எளிமையே நகையாகிவிடுகிறது. அடுத்த நாள் அந்த நகை கழுத்தில் இருக்கிறதா என்று கை தானாகவே தடவிப் பார்க்கிறது.

ரமணருக்கும் இதெல்லாம் வந்தது. பெயரே இல்லாமல் கையெழுத்திடாமல் போனவருக்கு, 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் பகவான் ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார். மலைக் குகையில் இருந்தவரைத் தேடி அன்னை அழகம்மாள் 1916-இல் வந்து சேர்ந்தார். 1922-இல் அன்னை மறைந்தபின், அவருடைய சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழுந்தது. பால் பிரன்டன் என்ற ஆங்கிலேயர் வந்து பார்த்துவிட்டு எழுதிய புத்தகம் 1934-இல் வெளிவந்து, ஐரோப்பா வரை அவர் பெயரைக் கொண்டு போயிற்று. 1938-இல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். கோவணத்தோடு அமர்ந்திருந்தவர் காலடியில் கோடீஸ்வரர்கள் வந்து விழுந்தார்கள்.

ஐயங்குளத்தில் காசை வீசுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் காலில் விழுகிறவர்களின் நடுவில் ஐம்பது ஆண்டுகள் சாதாரணமாக இருப்பதற்கு என்ன வேண்டும்? அதற்குத்தான் அடக்கம் என்று பெயர்.

பந்தியில் ஒருவர்

அவர் ஆசிரமத்தில் எப்படி இருந்தார் என்பதை உடனிருந்த அன்பர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் அற்புதங்களைவிடச் சாப்பாட்டு விஷயங்களே நம் மனத்தை அதிகம் தொடுகின்றன.

பல ஆண்டுகள் அவர் விடியற்காலையிலேயே எழுந்து சமையல் கூடத்துக்குப் போவார். மற்றவர்களோடு அமர்ந்து காய் நறுக்குவார், அரைப்பார், கிளறுவார். எதையும் வீணாக்க விடமாட்டார். பந்தியில் எல்லோருக்கும் என்ன பரிமாறப்படுகிறதோ அதுவே தமக்கும் வரவேண்டும். பரிமாறுகிறவர் அன்பு மிகுதியால் அவருடைய இலையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் அது அவருக்குப் பிடிக்காது, கண்டித்துச் சொல்லிவிடுவார். உடல் தளர்ந்தபோது அவருக்கென்று சத்து மருந்து கொண்டு வந்தால், எல்லோருக்கும் கொடுங்கள் என்பார்.

மலையில் இருந்த காலத்தில், கட்டியிருந்த கோவணம் கிழிந்து போயிற்று. கேட்டால் நூறு துணிகள் வந்து குவிந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு முள்ளை எடுத்து அதில் துளையிட்டு ஊசியாக்கினார். அந்தத் துணியிலிருந்தே நூலை உருவி, அதைக் கொண்டே தைத்துக் கொண்டார். யாருக்கும் தெரியாமல் செய்தார் என்பதுதான் முக்கியம். எளிமையைக் காட்டிக் கொள்ளும் ஆசை இருந்திருந்தால் முள்ளும் நூலும் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். பிறகு அன்பர்களுக்குத் தெரிய வந்தபோது அவர்கள் துடித்துப் போனார்கள்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இரவு, ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். கதவைத் திறந்து விடுகிறோம், வேண்டியதை எடுத்துக் கொள்ளுங்கள் என்று உள்ளிருந்தவர்கள் சொன்ன பின்னும், வெளியே வந்தவர்களைக் கழியால் அடித்தார்கள். ரமணருக்குத் தொடையில் அடி விழுந்தது. இன்னும் திருப்தி இல்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்ற பொருளில் அமைதியாகச் சொன்னார் அவர். ஓர் அன்பர் இரும்புக் கம்பியை எடுத்துக் கொண்டு பாயப் பார்த்தார். அவர்கள் திருடர்கள், அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், நாம் சாதுக்கள், நம் இயல்பை நாம் விடக்கூடாது என்று அவரைத் தடுத்தார் ரமணர். திருடர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். ஏனென்றால் அங்கே இருந்ததே அவ்வளவுதான்.

அன்றிரவு அங்கே பறிபோகக்கூடிய பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "என்னையா அடித்தாய்?" என்ற கேள்வி அது. அந்தக் கேள்வி அவரிடம் எழவில்லை. அதனால் அந்தத் திருட்டில் அவர் எதையும் இழக்கவில்லை.

கிள்ளானில் ஒரு கல்யாணம்

சரி, அவர் துறவி. நம் கதைக்கு வருவோம். கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் வாழும் குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தலைவர் லாரி ஓட்டுகிறார். மனைவி தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பேசுகிறார்கள்.

"என்னங்க, அக்கா வீட்டுக் கல்யாணத்துல ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. பெரிய மண்டபம். நம்ம பொண்ணுக்கு அதவிடக் கொறஞ்சா நாளைக்கு யாரு நம்மள மதிப்பா?"

"சரிம்மா, பாத்துக்கலாம். பேங்குல ஒண்ணு போடலாம். பத்தலைன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்கிக்கலாம்."

இந்த இரண்டு வாக்கியங்களில் எத்தனை குடும்பங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது! தெரிந்த ஆள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வட்டி முதலை என்று நாளிதழ்கள் எழுதும் ஆள்தான் அவர். கல்யாணத்தன்று மண்டபம் ஜொலிக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் சர்க்கரை குறைவு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் வீட்டு வாசல் கதவில் சிவப்புச் சாயம் வழிந்து கொண்டிருக்கும். தொலைபேசி மணி அடித்தால் தாய்க்கு நெஞ்சு படபடக்கும்.

இந்தப் பெற்றோரை ஆசை பிடித்தவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. அந்தத் தந்தை ஒரு நல்ல சட்டை வாங்கிப் பல தீபாவளி ஆகியிருக்கும். மகள் நன்றாக இருக்க வேண்டும் என்பது பாசம், அதில் குற்றமே இல்லை. குற்றம் எங்கே நுழைந்தது? "யாரு நம்மள மதிப்பா?" என்ற இடத்தில் நுழைந்தது. மகள்மேல் உள்ள பாசம் மூன்று ரூபாய். மதிப்புக்காகக் கூட்டிய செலவு நான்காவது, ஐந்தாவது ரூபாய்.

இங்கேதான் வள்ளுவரின் அதிகார அமைப்பு இன்னொரு முறை கைகொடுக்கிறது. அவாவறுத்தல் துறவறவியலில் இருக்கிறது. அடக்கமுடைமையோ 13-ஆம் அதிகாரமாக, இல்லறவியலில் இருக்கிறது. குடும்பக்காரனை நோக்கி, உடனே எல்லா ஆசையையும் அறு என்று அந்த நூல் தொடங்கவில்லை. அடங்கு என்று தொடங்குகிறது. அந்தக் கிள்ளான் தந்தையால் மகள் கல்யாணம் என்ற ஆசையை விட முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் உறவினர்களைப் பார்த்து, "எங்களால முடிஞ்சது இவ்வளவுதான், வந்து வாழ்த்துங்க" என்று ஒரு வாக்கியம் சொல்ல முடியும். அந்த வாக்கியத்துக்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. ஆனாலும் அதைச் சொல்வதற்குத்தான் எத்தனை துணிவு வேண்டியிருக்கிறது! சொல்லிவிட்டால் அன்றிரவு தூக்கம் வரும். அடுத்த ஐந்து ஆண்டுகளும் தூக்கம் வரும்.

ஏற்கெனவே கடனில் சிக்கியவர்களுக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பை உருவாக்கியது. வங்கிக் கடனைச் சமாளிக்க முடியாதவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது. ஆனாலும் அங்கே போகத் தயங்கி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறவர்கள் உண்டு. ஏன்? போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம். அடக்கம் உள்ளவனுக்கு அந்த வெட்கம் இல்லை. "கணக்குத் தவறிவிட்டது, வழி காட்டுங்கள்" என்று கேட்கத் தெரிவதும் அடக்கத்தின் ஒரு பகுதிதான்.

குடும்பத்தை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று ரமணரிடமே பலர் கேட்டதுண்டு. அவர் பெரும்பாலும் அதை ஊக்குவிக்கவில்லை. வீட்டை விட்டால் குடும்பத்தான் என்ற எண்ணம் போய்த் துறவி என்ற எண்ணம் வந்து உட்காரும், தடை மனத்தில்தான் இருக்கிறது, அது காட்டுக்கும் கூடவே வரும் என்ற கருத்தில் பதில் சொன்னார். விட வேண்டியது வீட்டை அன்று, வீட்டுக்குள் நாம் மாட்டி வைத்திருக்கும் நம் படத்தை.

எது அடக்கம் ஆகாது

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அடக்கம் என்ற சொல்லை ஏழைகளின் வாயை அடைக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். "இருப்பதில் திருப்தி கொள்" என்று வயிறு நிறைந்தவர் வயிறு காய்ந்தவருக்குச் சொன்னால் அது உபதேசம் ஆகாது.

நம் முன்னோர் தோட்டங்களில் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

சைக்கிளைவிட்டு இறங்க மறுத்த அந்தத் தொழிலாளி அடக்கம் இல்லாதவரா? இல்லவே இல்லை. துரையைவிட உயர்ந்தவன் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரையும்போல் பாதையில் போக வேண்டும் என்றுதான் கேட்டார். ரமணர் தம் இலையில் கூடுதலாக வைத்ததை மறுத்தார். தொழிலாளி தம் இலையில் குறைவாக வைத்ததை மறுத்தார். இரண்டும் ஒரே நியாயம்தான். பந்தியில் எல்லோருக்கும் சமம் என்பதே அந்த நியாயம். தன்னை உயர்த்திக் கொள்ளாமல் இருப்பது அடக்கம். தன்னைத் தாழ்த்த விடுவது அடக்கம் ஆகாது, அது அச்சம். அச்சத்தில் அமைதி பிறக்காது.

ஆகவே, உரிய சம்பளத்தைக் கேளுங்கள். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று பாருங்கள். பிள்ளையின் படிப்புக்காகப் பத்துப் படி ஏறி இறங்குங்கள். இவையெல்லாம் தேவைகள். இவற்றை விடச் சொல்லி எந்த ஞானியும் நம்மிடம் கேட்கவில்லை.

மூன்று சோதனைகள்

அப்படியானால் தேவை எது, ஆசை எது என்று அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கண்டுகொள்வது? வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, கண் சோதனை. எதையாவது வாங்கப் போகும்போது, "இதை நாம் வைத்திருப்பது யாருக்குமே தெரியாது என்றால் இதை வாங்குவோமா?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டால், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வேண்டும். அது தேவை. ஓடிக் கொண்டிருக்கும் காரை மாற்ற நினைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் புதிய கார் வாங்கிய வாரத்தில் என்றால், கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இரண்டாவது, பந்திச் சோதனை. நமக்குச் சேர வேண்டியது ஒருவேளை தாமதமாகும்போது மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மருத்துவமனையில் வரிசை நீளமாக இருக்கலாம். கோவில் நிகழ்ச்சியில் நம் பெயரை மேடையில் வாசிக்க மறந்திருக்கலாம். "தாமதமாகிறதே" என்று நினைத்தால் அது வெறும் களைப்பு. "என்னைப் போய் நிற்க வைக்கிறார்களே" என்று நினைத்தால், அங்கே ஐந்தாவது ரூபாய் கையில் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, முள் சோதனை. நாம் செய்யும் நல்ல காரியங்களில் ஒன்றையாவது, முள்ளால் தைத்த கோவணம்போல் யாருக்கும் தெரியாமல் செய்து பாருங்கள். ஓர் ஏழைப் பிள்ளையின் பேருந்துக் கட்டணமாக இருக்கலாம், ஒரு முதியவருக்கு வாங்கிக் கொடுக்கும் மருந்தாக இருக்கலாம். படம் எடுக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள். முதல் நாள் சொல்லாமல் இருக்க நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் ஆசை. பத்து நாள் கழித்து அது அடங்கிவிடும். அடங்கிய பின் உள்ளே ஓர் இதமான வெளிச்சம் தெரியும். அமைதி என்று நாம் ஊர் ஊராகத் தேடுவது அதைத்தான்.

கடைசிக் கணக்கு

1948-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரமணரின் இடக்கையில் ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி மீண்டும் மீண்டும் வளர்ந்தது. அன்பர்கள் அழுதார்கள். ஆனால் அந்த நிலையிலும் தம்மைப் பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உடலை விட்டுப் போகிறாரே என்று கலங்கியவர்களிடம், போவதற்கு இடம் எங்கே இருக்கிறது, இங்கேதான் இருப்பேன் என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அமைதியாக அடங்கினார்.

அடங்கினார் என்ற சொல்லை நம் தமிழ் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறது பாருங்கள். ஞானி ஒருவர் மறைந்தால் அவர் சமாதியில் அடங்கினார் என்கிறோம். பேச்சைக் குறைத்தால் நாவை அடக்கினார் என்கிறோம். பிறர்முன் தன்னைப் பெரிதாகக் காட்டாதவரை அடக்கமானவர் என்கிறோம். வாழும்போது அடங்கியவருக்குக் கடைசி அடக்கம் புதிய வேலையாக இருக்காது.

நேயர்களே, நம்மில் யாரும் நாளைக் காலை கடுக்கனை அடகு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு நடக்கப் போவதில்லை. நம் கையிலும் ஒவ்வொரு மாதமும் ஐந்து ரூபாய் வருகிறது. அதில் நமக்கு வேண்டியது எவ்வளவு, மற்றவர் கண்ணுக்காக எடுப்பது எவ்வளவு என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து அதைப் பேசுங்கள். மூன்றை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டை வைத்துவிடுங்கள். வைத்த இடத்தில் கணக்கும் எழுதி வையுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.